பதினான்காம் கேள்வியும் ஒரு டப்பா பொடியும்

1

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம். பரிசோதனைக்கு வர வேண்டுமாம். வரும்போது இணைத்திருக்கும் படிவத்தை நிரப்பிக்கொண்டு வர வேண்டுமாம். ஜெர்மனியில் பெண்டாட்டி பிறந்த நாளை மறக்கிறவர்கள் உண்டு, படிவத்தை மறக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் பதினான்காம் கேள்வி, முன்பு இருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது: "மருத்துவர் எழுதிக்கொடுக்காத மருந்து, மூலிகை, சத்து மாத்திரை எதையாவது எடுத்துக்கொள்கிறீர்களா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

முதல் தடவை அந்தக் கேள்விக்கு நான் 'இல்லை' கட்டத்தில் கோடு போட்டேன். அது பொய். அந்தப் பொய் எப்படி வந்தது, அதனால் என்ன ஆனது என்று ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது. படித்துவிட்டு எந்த வைத்தியர், எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள். சொல்ல மாட்டேன்.

2

நான் பிறந்தது நாமக்கல்லுக்குப் பக்கத்தில் சேந்தமங்கலம். வீட்டுக்காரருக்கு இங்கே லாரி பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. நாமக்கல்காரர் எந்தக் கண்டத்துக்குப் போனாலும் கடைசியில் ஒரு லாரிக்கு அடியில்தான் போய் நிற்பார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் யாழினி. தமிழைக் காதில் வாங்கிக்கொண்டு ஜெர்மனில் பதில் சொல்வாள்.

இங்கே எல்லோரும் என்னை 'ஃப்ராவ் முருகேசன்' என்று கூப்பிடுகிறார்கள். ஃப்ராவ் என்றால் அம்மையார். முருகேசன் என்றால் என் வீட்டுக்காரர். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவளை, நாளைக்கு இருபது தடவை அந்தப் பெயரால் கூப்பிட்டு, 'ஆமாம், நான்தான்' என்று சொல்ல வைத்துவிட்டார்கள்.

இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில். முதலில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி மருந்து, கட்டி சுருங்கியதும் அறுவை, அதற்கப்புறம் கதிர்வீச்சு என்று டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். யாழினி எனக்கு மொழிபெயர்த்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அந்த வருடம்தான் அவளுக்கு மொழிபெயர்ப்பு நன்றாக வருகிறது என்று லத்தீன் டீச்சர் மார்க் அட்டையில் எழுதியிருந்தார்.

ஊருக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னேன். சரசக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். எங்கள் அம்மாவுக்கும் அதே இடத்தில்தான் கட்டி வந்தது. யாரிடமும் சொல்லாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே ஒரு வருடம் ஓட்டினாள். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் எனக்குத் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அக்காதான். 'அக்கா' என்று நான் சொல்லும்போது நீங்கள் கொஞ்சம் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

போனில் அவள் அழவில்லை. "நா வாரேன்" என்றாள், பக்கத்துத் தெருவுக்கு வருகிற மாதிரி.

வர முடியவில்லை. விசா கேட்டு எழுதியதற்கு, குறித்த காலத்தில் இவர் சொந்த ஊர் திரும்புவதற்கான வலுவான காரணம் தென்படவில்லை என்று பதில் வந்தது. அக்காவுக்கு இரண்டு எருமை, எழுந்து நடக்காத மாமியார், முக்கால் ஏக்கர் மரவள்ளிக் கிழங்கு எல்லாம் இருந்தன. படிவத்தில் எருமைக்குக் கட்டம் இல்லை.

அக்கா வரவில்லை. அவளுக்குப் பதிலாக ஒரு டப்பா வந்தது.

3

டப்பா நேராக வீட்டுக்கு வரவில்லை. அடையாள அட்டையோடு வந்து பார்க்கவும் என்று சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு தாள்தான் வந்தது. அங்கே ஓர் அதிகாரி என் கண் முன்னால் பார்சலைப் பிரித்தார். உள்ளே எவர்சில்வர் தூக்குப்போசி. மூடிக்கு மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, துணிக்கு மேல் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றியிருந்தாள். அதைத் திறக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. உள்ளே பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் பொடி.

"உணவா, மருந்தா?" என்று கேட்டார். தபாலில் வந்தது மருந்து என்றால் தர முடியாது, திருப்பி அனுப்புவோம், இல்லையென்றால் அழிப்போம் என்றும் சொன்னார்.

"உணவு" என்றேன்.

"இதை வைத்து என்ன சமைப்பீர்கள்?"

"சாம்பார்."

முகர்ந்து பார்த்தார். மூன்று தடவை தும்மினார். "ருசியாக இருக்குமா?"

"இருக்காது."

"அப்புறம் எதற்குச் சாப்பிடுகிறீர்கள்?"

"அக்கா அனுப்பியது" என்றேன்.

அவருக்கும் ஒரு அக்கா இருந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு, 'உணவுப் பொருள்' என்று எழுதி முத்திரை குத்தினார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று இந்த ஊர் வழக்கப்படி வாழ்த்தியும் அனுப்பினார்.

மறுநாள் காலையில் முதல் சிட்டிகையைக் குடித்துவிட்டுப் போனேன், ஆஸ்பத்திரியில் படிவம். பதினான்காம் கேள்வி. நேற்றுத்தான் ஒரு சர்க்கார் அலுவலகம் இது உணவு என்று முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறது. இன்னொரு அலுவலகத்தில் போய் மருந்து என்று மாற்றிச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? 'இல்லை' என்று கோடு போட்டேன். இந்த நாட்டில் பதினெட்டு வருடம் இருந்ததில் நான் கற்றுக்கொண்டது, எல்லாப் படிவத்திலும் ஒரே பதிலை எழுத வேண்டும் என்பதுதான்.

4

"கொல்லிமலை அடிவாரத்துல ஒரு வைத்தியருகிட்டச் சொல்லி வாங்குனது சாமி" என்றாள் அக்கா, நான் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று போனில். "வெள்ளென எந்திரிச்சு, வெறும் வயித்துல, மூணு வெரல்ல எடுத்துச் சுடுதண்ணில கலக்கிக் குடிச்சுப்போடு. ஆசுபத்திரி மருந்தையும் உட்றாத. ரெண்டும் சேந்தாத்தான் ஆகும்."

"என்ன மருந்துங்க்கா இது?"

"அதக் கேக்கக் கூடாது. மருந்து பேரு வாயில வந்துட்டா வீரியம் போயிருமாம்."

எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. பேர் சொல்லாமலே முப்பது வருடம் குடித்தனம் நடத்துகிற பெண்கள் இருக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான்.

"ஆனா பத்தியம் உண்டு" என்றாள். "உப்பு, புளி, கத்திரிக்கா, கருவாடு எதுவும் ஆகாது. பத்தியம் இல்லாம தின்னா மருந்து மேலுல ஒட்டாதுங்கறாரு."

"என்னால முடியாதுங்க்கா. ஊசி போட்டதுலருந்து எதத் தின்னாலும் இரும்பு நக்குன மாதிரி இருக்குது. உப்பு இருந்தாத்தான் ஒரு வாயாச்சும் உள்ள போவுது."

அந்தப் பக்கம் எருமை கத்தியது.

"செரி. பத்தியத்த நான் பாத்துக்கறன். நீ பொடியக் குடி" என்றாள்.

வைத்தியரிடம் ஏதாவது சொல்லி விலக்கு வாங்கிவிடுவாள் என்று நினைத்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள், கார்த்திகைத் தீபத்தன்று, முதல் தடவையாகக் குடித்தேன். கசப்பு என்று சொன்னால் கசப்புக்கு அவமரியாதை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு எனக்கு இறங்கியது ஒன்றே ஒன்றுதான், இங்கே கிடைக்கிற ப்ரெட்ஸல் என்கிற ரொட்டி. முறுக்கு மாதிரி சுற்றி, மேலே கல் உப்பை அப்படியே ஒட்டி வைத்திருப்பார்கள். அதைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். 'பாருங்க்கா, உப்பு எவ்வளவு பெருசுன்னு.' அவள் பேசிப் பதிந்து பதில் அனுப்பினாள்: "தின்னு சாமி. எனக்கும் சேத்து நல்லாத் தின்னு."

அந்த வாரம் ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. டாக்டரம்மா தன் மருந்தைப் பற்றி அடக்கமாகப் பெருமைப்பட்டார். சேந்தமங்கலத்தில் அக்கா தன் பொடியைப் பற்றி அடக்கமில்லாமல் பெருமைப்பட்டாள். நான் இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன்.

5

நாலாவது ஊசிக்குப் போனபோது, இன்று ஊசி இல்லை என்றார்கள். ரத்தத்தில் 'லேபர்' எண்கள் ஏறியிருக்கின்றன என்றார் டாக்டரம்மா. லேபர் என்று தொடங்கும் ஒரு கறித்துண்டைச் செவ்வாய்க்கிழமைதோறும் பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறேன். அதை நான் சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். டாக்டரம்மா யாழினியைப் பார்த்தார். "கல்லீரல்மா" என்றாள் யாழினி, பல்லைக் கடித்துக்கொண்டு.

கல்லீரல் எண்கள் இறங்காவிட்டால் இந்த மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும். வேறு மருந்து இருக்கிறது. ஆனால் என் கட்டிக்கு இதுதான் நன்றாகக் கேட்கிறது, இதை விடுவதற்கு மனசில்லை என்றார். பிறகு பதினான்காம் கேள்வியை வாயால் கேட்டார். வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?

யாழினி என்னைப் பார்த்தாள். தினமும் காலையில் அடுக்களையில் அந்த நாற்றத்தோடு பள்ளிக்கூடம் கிளம்புகிற பெண் அவள்.

"இல்லை" என்றேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பொடியைக் குற்றம் சொன்னால் அக்காவைக் குற்றம் சொன்ன மாதிரி இருந்தது. அம்மா முந்தானையை இழுத்து மூடிய மாதிரி நான் ஒரு தூக்குப்போசியை மூடிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் யாழினி என்னோடு எந்த மொழியிலும் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நான் டம்ளரில் பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் வந்து நின்றாள்.

"அம்மா, நீ செத்துப்போயிட்டா நான் யாருக்காக டாக்டர்கிட்டப் பேசறது?"

அவள் தமிழில் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது. பிழை ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தேன். அன்றைக்கே தூக்குப்போசியைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

6

டாக்டரம்மா திட்டுவார் என்று தயாராகப் போனேன். திட்டவில்லை. எங்களைக் கீழ்த்தளத்தில் இருந்த மருந்தாளுநரிடம் அனுப்பினார். ஃப்ராவ் கெல்லர் என்று பெயர். தூக்குப்போசியைத் திறந்து, சுங்க அதிகாரியைப் போலவே தும்மினார்.

"இதில் என்னென்ன இருக்கிறது?"

"தெரியாது. கேட்கக் கூடாது."

"எவ்வளவு எடுக்கிறீர்கள்?"

"மூன்று விரலால் எடுக்கிற அளவு."

"யாருடைய விரல்?"

இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. ஃப்ராவ் கெல்லர் ஒரு சின்னத் தராசை எடுத்து வைத்து, தன் விரலால் ஒரு சிட்டிகை, என் விரலால் ஒன்று, யாழினி விரலால் ஒன்று எடுத்து நிறுத்தார். மூன்றும் மூன்று எடை. என்னுடையதுதான் அதிகம். பள்ளிக்கூடத்திலும் நான் தாராளமாகப் பரிமாறுகிறவள் என்று பேர்.

உள்ளே இருப்பது தெரிந்தால்தான் கல்லீரலை எது தொந்தரவு செய்கிறது என்று யோசிக்க முடியும் என்றார். அக்காவுக்குப் போன் போட்டேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் நம் மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள் என்றேன். அது முழுப் பொய் இல்லை.

"அட சாமி! ஜெர்மன்காரங்க நம்ம பொடியக் கேக்கறாங்களா!" என்று அக்கா அன்றைக்கே அடிவாரத்துக்குப் பஸ் ஏறினாள்.

வைத்தியர் மசியவில்லை. "பேரு வாயில வரக்கூடாதுங்க அம்மிணி. என்ர அப்பனுக்கு வாக்குக் குடுத்திருக்கறன்" என்றாராம்.

அக்கா விடுகிறவளா? "வாயில வர வேண்டாமுங்க. கையக் காட்டுங்க, போதும்" என்றாளாம்.

அவர் எழுந்து கைத்தடியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்திருக்கிறார். ஒவ்வொரு செடியாகத் தடியால் தொட்டுக் காட்டியிருக்கிறார். வாயைத் திறக்கவே இல்லை. அக்கா பின்னாலேயே போய்ப் போனில் படம் எடுத்திருக்கிறாள். வாக்குத் தவறவில்லை, காரியமும் கெடவில்லை. ஏழு படம் வந்தது. முதல் படத்தில் செடியைவிட அக்காவின் கட்டைவிரல் பெரிதாக இருந்தது. மூன்றாவதில் பாதிச் செடி ஓர் ஆட்டின் வாயில் இருந்தது.

ஃப்ராவ் கெல்லர் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாளில் ஐந்து செடிகளைக் கண்டுபிடித்தார். ஆடு தின்ற செடி கடைசிவரை தெரியவில்லை. ஒன்று கீழாநெல்லி. ஊரில் மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது. கல்லீரலைக் காப்பாற்றத்தான் வைத்தியர் அதைச் சேர்த்திருப்பார். இன்னொன்று ரோஸ் கலரில் ஐந்து இதழ், நித்தியகல்யாணி. எங்கள் பக்கம் சுடுகாட்டுப் பூ என்போம்.

"இந்தச் செடியிலிருந்து நாங்களும் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறோம்" என்றார் ஃப்ராவ் கெல்லர். எனக்கு ஒரு நொடி தலை நிமிர்ந்தது. "ஆனால் பிரித்தெடுத்து, அளந்து, ஊசியில்தான் கொடுப்போம். இலையை இடித்து வாயில் போட்டால் அது விஷம். உங்கள் வைத்தியர் சரியான செடியைத்தான் பிடித்திருக்கிறார். எவ்வளவு என்பதுதான் அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

ஏழாவது படத்தில் செடியே இல்லை. ஒரு சின்னச் சிமிழ், உள்ளே வெள்ளைச் சாம்பல். ஏதோ ஓர் உலோகத்தைப் புடம் போட்டு எடுத்த பற்பம். அதைப் பார்த்ததும் ஃப்ராவ் கெல்லர் புத்தகத்தை மூடிவிட்டார். "இதை நிறுத்திவிடுங்கள்" என்றார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: குமட்டலுக்கு இஞ்சி டீ குடிக்கலாம். சமையலில் வழக்கமாகப் போடுகிற மஞ்சள் போடலாம், மாத்திரையாக வேண்டாம். வேறு எது என்றாலும் முதலில் என்னைக் கேட்கவும். கீழே முத்திரை. இஞ்சிக்கு முத்திரை வாங்கியவள் எங்கள் வம்சத்தில் நான் ஒருத்திதான். அந்த இஞ்சி எனக்குக் கேட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்தில் எண்கள் இறங்கின. நாலாவது ஊசி போட்டார்கள், அதே மருந்து. "பொடியால்தான் ஏறியதா?" என்று கேட்டேன். "இருக்கலாம். எங்கள் மருந்தாலும் ஏறும். நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றார் ஃப்ராவ் கெல்லர். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது.

7

அந்த மூன்று வாரமும் அக்கா தினம் போன் போட்டாள். "பொடி குடிச்சியா சாமி?" "குடிச்சனுங்க்கா." ஆஸ்பத்திரியில் குடிக்கவில்லை என்று சொல்லிக் குடித்தேன். அக்காவிடம் குடித்தேன் என்று சொல்லிக் குடிக்காமல் இருந்தேன். பொங்கலன்று வீடியோவில் வந்தாள். வாசலில் கோலம், பானை, கரும்பு எல்லாம் காட்டினாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றுகொண்டிருந்தாள். முகம் இளைத்திருந்தது.

"நீங்க திங்கலிங்களா?"

"நா அப்பறம் தின்னுக்கறன்" என்று போனை எருமைகள் பக்கம் திருப்பிவிட்டாள்.

நாலாவது ஊசி முடிந்த மறுநாள் இதற்கு மேல் தாங்காது என்று நானே கூப்பிட்டேன். அங்கே மதியச் சாப்பாட்டு வேளை. கல்லீரல், தராசு, வெள்ளைச் சாம்பல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மூன்று வாரமாக நான் குடிக்கவில்லை என்றும் சொன்னேன். "கோவிச்சுக்காதீங்க்கா. நீங்க அனுப்புனதத்தான் நான் கொட்டிப்போட்டன்" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். சின்னக் குரலில் கேட்டாள்:

"அப்ப நானு இனி உப்புப் போட்டுக்கலாமா சாமி?"

எனக்குப் புரியவில்லை.

"என்னங்க்கா சொல்றீங்க?"

"நீ பத்தியம் இருக்க முடியாதுன்னயல்ல. கைக்கொழந்தைக்கு மருந்து குடுத்தாப் பத்தியம் பெத்தவதான இருப்பா. அந்த மாதிரி நா இருக்கலாமான்னு வைத்தியருகிட்டக் கேட்டன். இருக்கலாமுன்னாரு. தீபத்தன்னிக்கு நீ மொதல்ல குடிச்சயல்ல, அன்னிலருந்து."

தீபத்திலிருந்து தை வரை. உப்பில்லாமல், புளியில்லாமல். நான் கல் உப்பு ரொட்டியைப் படம் எடுத்து அனுப்பியபோதும், பொங்கலன்று எல்லோரும் சாப்பிட்டபோதும். அதில் மூன்று வாரம் நான் குடிக்காத பொடிக்காக.

"ஏனுங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ உப்பத் தின்னுருக்க மாட்டியே" என்றாள். நான் அழுவது கேட்டதும் அவசர அவசரமாகச் சமாதானம் சொன்னாள். "அட, அழுவாத. நல்லதுதான் ஆச்சு. ஆசுபத்திரி நர்சம்மா வந்து பாத்துட்டு எனக்குப் பிரசரு எறங்கியிருக்குதுன்னு சொல்லுச்சு."

ஆக, அந்தப் பொடி எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை செய்திருக்கிறது.

"போட்டுக்கங்க்கா" என்றேன். "இப்பவே. நான் போன வெக்க மாட்டன்."

அவள் அடுக்களைக்கு நடந்துபோவது கேட்டது. உப்பு ஜாடியின் மூடி திறந்தது. சோற்றில் போட்டுப் பிசைவாள் என்று காத்திருந்தேன். சோறுவரைக்கும் போகவில்லை, ஒரு கல்லை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்குதுங்க்கா?"

கொஞ்ச நேரம் சப்பினாள்.

"கரிக்குது சாமி" என்றாள்.